அடிமை ஓலையும் கங்காணித் துண்டும்



1630ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பதுளை நகரம் தீக்கிரையானது. தீ மூட்டியவர்கள் போர்த்துக்கேயர். அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கொழும்பிலிருந்து பெரும்படையுடன் ஊவாவுக்குள் புகுந்தான், நகரைக் கொளுத்தினான், திரும்பும் வழியில் வெல்லவாயாவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில் கண்டிப் படையிடம் அகப்பட்டு மாண்டான். அவனோடு வந்த உள்நாட்டு வீரர்கள் சமயம் பார்த்துக் கட்சி மாறியதே அவனுடைய தோல்விக்குக் காரணம் என்பர்.

கிறிஸ்தவ மன்னன் ஒருவனின் கொடியை இந்த மலைநாடு கண்ட விதம் இது. ஆனால் இன்று பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சென்றால், லயத்துக் காம்பராக்கள் சிலவற்றில் அந்தோனியார் படத்தையும் மடு மாதா படத்தையும் காண்கிறோம். படத்துக்கு முன்னால் ஒரு சிறிய விளக்கு. பக்கத்தில் போன கிழமை சாத்திய செவ்வந்திப்பூ. இந்தப் பக்தி த சாவின் தீயிலிருந்து வந்ததல்ல. அப்படியானால் எங்கிருந்து வந்தது? இன்றைய உரையில் அதையே பார்க்க விழைகிறேன்.

நான் சைவன். இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் படிப்பிப்பவன். பெரியபுராணம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்திலிருந்து வரும் கத்தோலிக்க மாணவி ஒருத்தி எழுந்து, "எங்க கோயில்ல இருக்கிற புனிதர்களும் இவங்க மாதிரிதானா சேர்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் அன்று கூறிய விடை சுருக்கமானது. அதன் விரிவு இது.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுங்குற்றமாயிற்று. பூசை இல்லை; பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை; பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சுவாமியார் இல்லை. ஏறத்தாழ 29 ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தானும் பிள்ளை பெறுகிற காலம் அது. பழைய போர்த்துக்கேயப் பலம் திரும்பி வரும், கப்பல் வரும், பீரங்கி வரும் என்று யாரேனும் காத்திருந்திருக்கலாம். 1687இல் வந்தவரோ கிழிந்த உடையோடு கரையேறிய ஒரு பிச்சைக்காரர். கழுத்தில் செபமாலை மட்டும் இருந்தது.

அவர்தான் யோசப் வாஸ் அடிகளார். 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவிலே பெனோலிம் என்ற ஊரில், கொங்கணிப் பிராமண மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1676இல் குருவானவர். அதற்கு அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி, அவர் செய்த காரியமொன்று தமிழ் படித்தவர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும். தம்மைத் தேவமாதாவுக்கு நிரந்தர அடிமையாக ஒப்புக்கொடுத்து, முறையான சாசனம்போல ஓர் அடிமை ஓலையை எழுதிக் கையொப்பமிட்டார்.

சுந்தரமூர்த்தி நாயனாரின் கதை நமக்குத் தெரியும். புத்தூர் மணப்பந்தலில் முதிய வேதியர் வடிவில் வந்த இறைவன், உன் பாட்டன் எழுதித் தந்த ஆளோலை இதோ, நீ எனக்கு அடிமை என்று வழக்காடினான். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே தீர்ப்பும் பெற்றான். அங்கே ஓலையைக் கொண்டுவந்தவன் ஆண்டவன். அடிமையாக வேண்டியவர் மறுத்து வாதாடினார். இங்கே வழக்குமில்லை, வாதுமில்லை. அடிமையாக விரும்பியவர் தாமே எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு மரபுகளையும் ஒன்றாகக் குழைத்து "எல்லாம் ஒன்றே" என்று மேடையில் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. எனினும் பக்தி முதிர்ந்த இடத்தில் ஓர் ஓலை தேவைப்படுகிறது என்பதை இரு மரபும் கண்டிருக்கின்றன.

அடிமையானவர் என்ன செய்தார்? தூத்துக்குடிப் பக்கத்தில் தமிழ் கற்றார். யோவான் என்ற பணியாள் இளைஞன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கடல் கடந்தார். யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தபோது வயிற்றுளைவினால் சாகக் கிடந்தார். இரக்கமுள்ள பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சி அவரைக் காப்பாற்றியது என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் செல்வார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பார். அப்படித்தான் ஒளிந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது.

1692இல் கண்டி இராச்சியத்துக்குச் சென்றபோது போர்த்துக்கேய உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1630ஐ மறக்காத இராச்சியம் அது. கோவாவிலிருந்து வந்தவன் என்றால் சந்தேகிக்கத்தானே செய்வார்கள்? அந்தச் சிறையையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டு சிங்களம் கற்றார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நல்லெண்ணத்தைப் பெற்றார். பௌத்த மன்னனொருவன் காத்த நிழலில் இலங்கைக் கத்தோலிக்கம் மீண்டும் துளிர்த்தது என்பதை நமது மாணவர்கள் அறிந்திருத்தல் நல்லது.

கடும் வரட்சியில் அவர் செபித்தபோது மழை பெய்தது, மன்னன் மனம் மாறினான் என்று ஓர் அற்புதம் சொல்வார்கள். புனிதர் என்றவுடன் நாம் அற்புதத்தைத் தேடுகிறோம். நாயன்மாருக்கும் இதே கதிதான்: கல்லில் மிதந்த அப்பரை நினைவு வைத்திருக்கிறோம், கோயில் வீதியில் புல் செதுக்கிய உழவாரப்படையை மறந்துவிடுகிறோம். வாஸ் அடிகளாரின் உழவாரத்தை 1697இல் காணலாம். அந்த ஆண்டு கண்டியில் வைசூரி பரவியது. மன்னனும் பிரதானிகளும் நகரைவிட்டு அகன்றனர். நோய் கண்டவர்களை அவர்களது வீட்டாரே காட்டோரத்தில் விட்டுச் சென்றனர். அடிகளாரும் அவருடைய மருகரான கர்வாலியோ சுவாமியும் மட்டும் தங்கிநின்று, குடிசை போட்டு, புண் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தனர். சமயம் கேட்டுச் செய்யவில்லை. பிராமண மரபில் பிறந்த ஒருவர் சீழ் துடைத்த கைகளை, அந்த நாளைய சாதி வழக்கங்களோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

வைசூரியை "அம்மன் வந்திருக்கு" என்று சொல்லி வேப்பிலை கட்டி அடங்கிக் கிடந்த மக்கள்தான் எங்கள் மலையகத்து முன்னோர். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்துவந்த அவர்களில் எத்தனையோ பேர் அம்மையிலும் வாந்திபேதியிலும் வழியோரத்தில் விழுந்தனர். அவர்களுக்கு ஒரு வாஸ் அடிகளார் வாய்க்கவில்லை. அவர் மறைந்து நூறாண்டுக்குமேல் ஆகிவிட்டது.

1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் அவர் காலமானார். ஆனால் அவர் விட்டுச்சென்ற ஓர் ஏற்பாடு காலமாகவில்லை. என் பார்வையில் அவர் செய்தவற்றுள் மிகப் பெரியது அதுதான்; அதைப் பேசவே இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு சுவாமியார் தீவு முழுவதையும் சுற்றிவர முடியாது என்று அவர் கண்டார். ஆகவே ஊர்தோறும் ஒரு மூப்பரையும் ஓர் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். மூப்பர் கோயிற் காரியம் பார்ப்பார்; அண்ணாவியார் செபம் சொல்லிக்கொடுப்பார், ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டுவார், சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் செபிப்பார், தேவையானால் ஞானஸ்நானமும் கொடுப்பார். நாடகம் பழக்குபவரையும் எழுத்தறிவிப்பவரையும் குறித்த பழந்தமிழ்ப் பெயர் சமயக் காவலரின் பெயராயிற்று. அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, தமிழர் அன்போடு சாங்கோபாங்க சுவாமி என்றழைத்தவர், இந்த அண்ணாவிமாரின் கையில் நூல்களைக் கொடுத்தார். தபசுகாலத்தில் இழுத்திசைத்துப் படிக்கப்படும் "வியாகுலப் பிரசங்கம்" அவர் செய்தது. குருவில்லாத ஊரில் நூலும் குரலும் குருவாக நின்றன.

இனி ஊவாவுக்குத் திரும்புவோம். பதுளை நகரின் நடுவே நிற்கும் புனித மாற்கு ஆலயம் 1857இல் திறக்கப்பட்டது. அது மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்ற பதுளை அரசாங்க அதிபரின் நினைவாக எழுந்தது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று ஆங்கிலேயரே எழுதிவைத்திருக்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பாதைகள் அமைத்த திறமையான அதிகாரி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் சுவிசேஷம் எழுதிய மாற்குவின் ஆலயத்துள்ளே நினைவுக்கல் தாங்கி நிற்பது யானை வேட்டைக்காரர்தாம். கல்லாலான கோயில்களில் பெரும்பாலும் அந்தந்தக் காலத்துப் பெரியவர்களையே காண்கிறோம்.

அதே 1845இல்தான் சில்வெஸ்திரைன் சபையைச் சேர்ந்த பெனடிக்ரின் துறவி ஒருவர் முதன்முதலாக இலங்கைக்கு வந்தார். அச்சபையின் துறவிகள் பின்னர் மலைநாட்டுக் கத்தோலிக்கரின் மேய்ப்பர்களாயினர். 1854இல் அங்கிலிக்கன் தரப்பில் தமிழ்க் கூலி மிசன் தொடங்கிற்று. பெயரிலேயே கூலி என்ற சொல் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் வந்தனர். கோப்பித் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தனர். துரை கொடுக்கும் பணத்தில் நடக்கும் உபதேசம் துரையைப் பற்றி என்ன பேசும்? கீழ்ப்படிதலைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கும் என்று ஐயுறுவதில் தவறில்லை. ஆனால் அதே உபதேசியார்தான் பல தோட்டங்களில் முதன்முதலாக ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் "அ" எழுத வைத்தவரும்கூட. இரண்டும் உண்மை.

தோட்டத்துக்கு வந்த தொழிலாளிக்கும் ஓர் ஓலை இருந்தது. அதன் பெயர் "துண்டு". கங்காணியிடம் வாங்கிய முற்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் கடனாக ஏறி நிற்கும். ஒருவன் தோட்டம் மாறவேண்டுமானால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவனை விடலாம் என்று எழுதிய அந்தத் துண்டோடுதான் மாறலாம். புதிய தோட்டம் அந்தக் கடனை அடைக்கும். அடைத்த தொகை மறுபடி அவன் தலையில் ஏறும். 1921இல் சட்டம் செய்து துண்டு முறையை ஒழிக்கும்வரை, ஆளோடு சேர்ந்து அவன் கடனும் மலைக்கு மலை கைமாறியது. தாமே விரும்பி எழுதிய அடிமை ஓலையின் மகிமை எனக்கு முழுதாய் விளங்கியது இந்தத் துண்டைப் பற்றிப் படித்தபோதுதான். யாரோ எழுதிய கடதாசியால் அடிமையாக்கப்பட்ட மக்களுக்குச் சமயம் சொல்ல வருபவன், தானும் ஏதோ ஓர் ஓலைக்குக் கட்டுண்டவனாக இல்லாவிட்டால் அவன் பேச்சை யார் நம்புவார்கள்?

அந்த மக்களில் கத்தோலிக்கராயிருந்தோர் சிறுதொகையினர். இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். மறவர் சீமையின் ஓரியூரில் 1693இல் தலை வெட்டுண்ட அருளானந்தரின் பெயர் அந்தப் பக்கத்தாருக்கு அந்நியமானதல்ல. ஜோன் டி பிரித்தோ என்ற போர்த்துக்கேயப் பிரபு குலத்தவர், காவியுடுத்தி, மரக்கறி உண்டு, தமிழ்ப் பெயர் பூண்டு வாழ்ந்து மடிந்த இடம் அது. வாஸ் அடிகளார் கண்டியில் சிறையிருந்த காலமும் அதுவே. கடலின் இரு கரையிலும் ஒரே வேளையில் இருவர். ஒருவர் சிறையில், ஒருவர் வெட்டுப்பாறையில்.

தோட்டத்துக்குச் சுவாமியார் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அது பெரிய காரியம். மழைக்காலத்தில் பாதை உடைந்தால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் செபம் நின்றுவிடவில்லை. பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் விடியற்காலையில் வீட்டுச் செபம். அந்திக்கு லயத்தின் தொங்கற் காம்பராவில் செபமாலை. சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார், சில இடங்களில் எழுத்து வாசிக்கத் தெரிந்த கிழவி. யோசப் வாஸ் அடிகளார் பெயரைக்கூட அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர் கண்ட வழியில்தான் அவர்கள் நின்றார்கள்: குருவை எதிர்பார்த்து இராமல், நம்பிக்கையைத் தம் கையாலேயே பொத்திக் காத்தல்.

ஊவாவின் பிற்கால வரலாற்றில் ஒருவரைச் சொல்லாமல் விடமுடியாது. 1972 டிசம்பர் 18ஆம் திகதி கண்டி மறைமாவட்டத்திலிருந்து பதுளை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. அப்போது கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, வளமான பழைய மறைமாவட்டத்தை விட்டுவிட்டு, கத்தோலிக்கர் தொகையும் வசதியும் குறைந்த பதுளையைத் தாமே கேட்டு வந்தார். பெனடிக்ரின் துறவியான அவர், குருத்துவ மாணவர்கள் மதிலுக்குள் படிப்பதோடு நில்லாமல் மக்களோடு வாழ்ந்து கற்கவேண்டும் என்று பண்டாரவளையில் "சேவக செவன" என்ற பயிற்சியகத்தை ஏற்படுத்தினார். 1982இல் மறைந்தார். அவரைப் புனிதர் என்று திருச்சபை அறிவிக்கவில்லை. ஆனால் பதவி உயரம் தேடி ஓடும் உலகில், கீழே இறங்குவதற்கு விண்ணப்பித்த மனிதரைப் பார்க்கக் கிடைப்பது அரிது. இடமாற்றத்துக்காகக் கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கும் எங்கள் ஆசிரியர் குலத்துக்கு இது நன்றாக விளங்கும்!

அப்புத்தளையிலுள்ள அதிஷாம் மாளிகையையும் இந்த வரிசையில் நினைக்கலாம். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டிய துரைமாளிகை அது. 1960களின் தொடக்கத்தில் புனித பெனடிக்ற் துறவிகளின் மடமாயிற்று. உழைப்பையும் செபத்தையும் ஒன்றாகக் கட்டியவர் அந்த ஆறாம் நூற்றாண்டு இத்தாலியப் புனிதர். ஒருகாலம் தோட்டத் தொழிலாளி முன்வாசலால் நுழைய முடியாதிருந்த வீட்டில், இன்று துறவிகள் தோட்டம் கொத்தி, பழப்பாகு காய்ச்சி விற்கிறார்கள்.

1995 ஜனவரி 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பு காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று தைப்பொங்கலுக்கு முதல் நாள். நான் பொங்கலுக்கு அரிசி வாங்கிய கடையின் தொலைக்காட்சியில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2022 மே 15ஆம் திகதி நாஞ்சில் நாட்டுத் தேவசகாயம் புனிதரானார். குருவுமல்லர், துறவியுமல்லர்; திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்த குடும்பஸ்தர். 1745இல் ஞானஸ்நானம் பெற்று, எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகி, 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அறிவிப்புக்கு முன்னர் அவருடைய பெயரிலிருந்த சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. லயத்திலும் மேல்லயம், கீழ்லயம் என்று சாதி பார்த்த கதை எங்களுக்குண்டு; கத்தோலிக்க வீடுகளும் அதற்கு விலக்கல்ல. ஆகவே அந்த நீக்கத்தை நான் சிறிய காரியமாக எண்ணவில்லை.

இந்த உரைக்காக ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். அவருடைய தகப்பனார் அங்கே உபதேசியாராயிருந்தவர். மரப்பெட்டியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் காட்டினார். மட்டை போய், ஓரங்கள் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தன. காலைச் செபம், இறந்தோர் செபம், புனிதர்களின் பிரார்த்தனை, வியாகுலப் பிரசங்கத்தில் சில பகுதிகள். எல்லாம் ஒரே கையெழுத்து. குண்டு குண்டான எழுத்து.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று ஒத்திவைத்தது; 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். அந்த ஆண்டுகளில் அந்த லயத்திலிருந்தும் குடும்பங்கள் புறப்பட்டன. பதுளை ரயில் நிலையத்துக்குப் போகுமுன் ஒவ்வொரு வீட்டாரும் உபதேசியாரிடம் வந்து கேட்டது பணமல்ல, கொப்பியின் பிரதி. அவர் இராத்திரியில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு எழுதினாராம். ஏழு பிரதிகள். மகனையும் உட்கார வைத்து எழுதுவித்தார். அந்த மகன்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தவர்.

"போன எடத்துல கோயில் இருக்காதா, புஸ்தகம் இருக்காதான்னு நான் கேட்டேன்" என்றார். "அப்பா ஒண்ணும் சொல்லல. எழுதுடான்னாரு."

ஒரு பிரதி நீலகிரிப் பக்கம், கோத்தகிரிக்குப் போனது. சில வருடம் கழித்து அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. அதையும் கொப்பிக்குள்ளேயே வைத்திருக்கிறார். மழைக்கு ஒழுகிய குடிசையில் இறந்தோர் செபத்தின் இரண்டாம் பக்கம் அழிந்துபோயிற்று, இங்கேயும் சுவாமியார் எப்போதாவதுதான் வருகிறார், பெரியாயி சாகக் கிடக்கிறாள், அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எழுதி அனுப்பவும் என்று அதில் கண்டிருந்தது. அனுப்பினீர்களா என்று கேட்டேன்.

"அன்னைக்கே" என்றார்.